கன்டெய்னருக்குள் ஜூபிட்டர் நோட்புக்: முதல் முறை ஓட்டுகிறவர்களுக்கு

இதைப் படித்தபடியே செய்துகொண்டு வந்தால், முடிக்கும்போது உங்கள் பிரவுசரில் ஜூபிட்டர்லேப், அதாவது நோட்புக்குகளில் நிரல் எழுதி ஓட்டும் பக்கம், திறந்திருக்கும். பைத்தானை நீங்கள் நிறுவியிருக்க மாட்டீர்கள், தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தை நிறுவியிருக்க மாட்டீர்கள். கணினியில் புதிதாக வந்திருப்பது கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளான டாக்கர் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். வேண்டாம் என்றால் மொத்தமாக நீக்கிவிடலாம்.

எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்கலாம். நோட்புக்கில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம் ஒன்று உண்டு. போன வருடம் நன்றாக ஓடிய நோட்புக்கை இன்று திறந்தால் முதல் செல்லிலேயே (நிரல் எழுதும் கட்டம்) பிழை வரும். நடுவில் வேறு ஏதோ வேலைக்காக நம்பை என்ற கணக்கு நூலகத்தைப் புதுப்பித்திருப்போம், அது இங்கே வந்து இடித்திருக்கும். கன்டெய்னர் என்பது கணினிக்குள் தனியாகப் பிரித்து வைத்த ஒரு சூழல். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பைத்தான், தனி நூலகங்கள். ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று அசையாது.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இமேஜ் என்பது அச்சு. கன்டெய்னர் என்பது அந்த அச்சில் வார்த்தெடுத்த பொருள். ஒரே இமேஜிலிருந்து எத்தனை கன்டெய்னர் வேண்டுமானாலும் கிளப்பலாம். கன்டெய்னருக்குள் நீங்கள் செய்யும் மாற்றம் எதுவும் இமேஜுக்குப் போய்ச் சேராது. பின்னால் வரப்போகும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால்தான் வருகிறது.

இங்கே கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில், நான் வேறு மாதிரிச் சொல்லாத இடங்களில் சின்ன எழுத்தில் அடியுங்கள். எழுத்துக்கூட்டல் குழப்பும் இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன்.

டாக்கரை நிறுவுதல்

விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப்பை இறக்கி நிறுவினால் போதும். விண்டோஸில் அதற்கு அடியில் பெரும்பாலும் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) தேவைப்படும். மேக்கில் இன்டெல் சிப்புக்கு ஒன்று, ஆப்பிள் சிப்புக்கு ஒன்று என்று இரண்டு பதிப்பு உண்டு. உங்களுடையது எது என்று பார்த்து இறக்குங்கள். லினக்ஸில் டாக்கர் எஞ்சினை மட்டும் நிறுவினால் போதும். அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால், நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் சூடோ போட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க டாக்கர் குழுவில் உங்கள் பயனர் பெயரைச் சேர்த்துவிட்டு, ஒரு முறை வெளியேறி மறுபடி உள்ளே வரலாம். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் கிட்டத்தட்ட ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம், உள்ளவர். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் கண்டவரையும் அதில் சேர்க்க வேண்டாம்.

நிறுவியதும் டெர்மினலில் "டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட்" என்று அடித்துப் பாருங்கள். வாழ்த்துச் செய்தி வந்தால் சரி. டாக்கர் டீமனோடு (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை) இணைய முடியவில்லை என்று வந்தால், பெரும்பாலும் டாக்கர் டெஸ்க்டாப்பைத் திறக்க மறந்திருப்பீர்கள்.

எந்த இமேஜ்?

ஜூபிட்டர் திட்டத்தினரே தயார் செய்து பராமரிக்கும் இமேஜ்கள் இருக்கின்றன. மினிமல்-நோட்புக்கில் ஜூபிட்டரும் பைத்தானும், கூடவே சில பொதுக் கருவிகளும் இருக்கும். சைப்பை-நோட்புக்கில் பாண்டாஸ், மேட்பிளாட்லிப், சைப்பை, சைகிட்-லேர்ன் எல்லாம் சேர்ந்தே வரும். டேட்டாசயின்ஸ்-நோட்புக்கில் அவற்றோடு ஆர், ஜூலியா மொழிகளும் உண்டு. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயரிலிருந்துதான் ஜூபிட்டர் என்ற பெயரே வந்தது. டென்சர்ஃப்ளோ, பைடார்ச், ஸ்பார்க் ஆகியவற்றுக்கும் தனித்தனி இமேஜ் இருக்கிறது. புதிதாக வருகிறவர் சைப்பை-நோட்புக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபி கணக்கில் இடம் பிடிக்கும்தான், ஆனால் முதல் நாளே நூலகம் இல்லை என்று நின்றுபோக வேண்டியிருக்காது.

ஒரு எச்சரிக்கை. 2023 அக்டோபரிலிருந்து இந்த இமேஜ்களின் புதிய பதிப்புகள் குவே.ஐஓ என்ற களஞ்சியத்தில்தான் வருகின்றன. குவே என்பதை கியூ, யூ, ஏ, ஒய் என்று எழுத வேண்டும். ஜூபிட்டர் என்பது ஜே, யூ, பி, ஒய், டி, இ, ஆர்; சைப்பை என்பது எஸ், சி, ஐ, பி, ஒய். அதற்கு முந்தைய வழிகாட்டிகளில் "ஜூபிட்டர்/சைப்பை-நோட்புக்" என்று மட்டும் இருக்கும். அப்படி அடித்தால் டாக்கர் ஹப் என்ற இன்னொரு களஞ்சியத்திலிருந்து பழைய இமேஜ்தான் இறங்கும். பிழை எதுவும் வராது, எல்லாம் ஓடும், ஆனால் நூலகங்கள் 2023-லேயே நின்றிருக்கும். முன்னால் குவே.ஐஓ சேர்க்க மறக்காதீர்கள்.

ஓட்டுதல்

முதலில் வேலைக்கென்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி, டெர்மினலில் அதற்குள் போங்கள். அப்புறம் இந்தக் கட்டளை, ஒரே வரியில்:

டாக்கர் ரன் -ஐடி --ஆர்எம் -பி 127.0.0.1:8888:8888 -வி "$பிடபிள்யூடி":/ஹோம்/ஜோவியன்/ஒர்க் குவே.ஐஓ/ஜூபிட்டர்/சைப்பை-நோட்புக்

நீளமாகத் தெரிகிறது. துண்டு துண்டாகப் பார்த்தால் பயமில்லை.

-ஐடி: ஐ, டி என்ற இரண்டு எழுத்துகள். டெர்மினல் கன்டெய்னரோடு இணைந்தே இருக்கும், கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்த முடியும்.

--ஆர்எம்: கன்டெய்னர் நின்றதும் அதை அழித்துவிடு என்று பொருள். இதைப் போடாவிட்டால் நின்றுபோன கன்டெய்னர்கள் குவிந்துகொண்டே போகும்.

-பி: போர்ட்டைத் திறந்துவிடுவது. போர்ட் என்பது நிரல்களுக்கு நெட்வொர்க்கில் இருக்கும் எண்ணிட்ட வாசல். கன்டெய்னருக்குள் ஜூபிட்டர் 8888-இல் காத்திருக்கிறது. அதை உங்கள் கணினியின் 8888-ஓடு இணைக்கிறோம். முன்னால் 127.0.0.1 எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

-வி: உங்கள் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் தெரியவைப்பது. டாலர் குறியோடு பெரிய எழுத்தில் பி, டபிள்யூ, டி என்று அடித்தால் "இப்போது நான் நிற்கும் ஃபோல்டர்" என்று அர்த்தம். லினக்ஸ், மேக் இரண்டிலும் இப்படியே எழுதலாம். விண்டோஸ் பவர்ஷெல்லில் அந்த மூன்று எழுத்துகளை நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டு, டாலரை அதற்கு முன்னால் வையுங்கள். மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் அதில்லாமல் உடையும்.

ஜோவியன்: ஜே, ஓ, வி, ஒய், ஏ, என். இந்த இமேஜ்களுக்குள் இருக்கும் பயனரின் பெயர் இது. ஜூபிட்டர்வாசி என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள்.

-பி ஆனாலும் -வி ஆனாலும் ஒரே விதிதான்: கடைசி முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் உங்களுடையது, வலப்பக்கம் கன்டெய்னருடையது. இது மனதில் பதிந்துவிட்டால் கட்டளையைப் பார்த்து எழுத வேண்டியதே இல்லை.

முதல் முறை இமேஜ் இறங்க நேரமாகும். இறங்கியதும் டெர்மினலில் வரிகள் ஓடி, கடைசியில் இரண்டு முகவரிகள் தெரியும். ஒன்றில் கன்டெய்னரின் அடையாள எண் இருக்கும். அது உங்கள் பிரவுசரில் திறக்காது. 127.0.0.1 என்று தொடங்கும் மற்றதை, கடைசியில் "டோக்கன்" (உள்ளே நுழைவதற்கான ரகசியச் சாவி) என்ற சொல்லுக்குப் பிறகு வரும் 48 எழுத்தும் விடுபடாமல் நகலெடுத்து, பிரவுசரில் ஒட்டுங்கள். ஜூபிட்டர்லேப் திறக்கும்.

நோட்புக்கை உருவாக்குவதற்கு முன்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். நான் இங்கேதான் அடிபட்டேன். -வி எல்லாம் சரியாகவே போட்டிருந்தேன். ஜூபிட்டர்லேப் திறந்ததும் ஆர்வத்தில் நேராகப் புதிய நோட்புக் ஒன்றைத் தொடங்கி, இரண்டு நாள் அதே கன்டெய்னரை ஓடவிட்டு வேலை பார்த்தேன். சேமித்துக்கொண்டேதான் இருந்தேன். மூன்றாம் நாள் கன்டெய்னரை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் நோட்புக் இல்லை. காரணம் என்னவென்றால், ஜூபிட்டர்லேப் திறக்கும்போது ஜோவியனின் ஹோம் ஃபோல்டரில் நிற்கிறது. நம் கணினியோடு இணைந்திருப்பதோ அதற்குள் இருக்கும் ஒர்க் ஃபோல்டர் மட்டும். ஒரு படி வெளியே சேமித்திருந்தேன். --ஆர்எம் தன் வேலையைச் சரியாகச் செய்து, அதை அழித்திருந்தது.

எனவே உண்மையான வேலையைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். இடப்பக்கக் கோப்புப் பட்டியலில் ஒர்க் ஃபோல்டருக்கு வெளியே ஒரு நோட்புக்கை உருவாக்கி "வெளியே" என்று பெயர் வையுங்கள். ஒர்க்கை இரட்டைச் சொடுக்கித் திறந்து, உள்ளே இன்னொன்றை உருவாக்கி "உள்ளே" என்று பெயரிடுங்கள். இரண்டிலும் ஒரு செல்லில் 2+2 போட்டு ஓட்டிச் சேமியுங்கள். இப்போது உங்கள் கணினியின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்: "உள்ளே" மட்டும் அங்கே இருக்கும். டெர்மினலுக்குப் போய் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள்; உறுதி கேட்டால் ஒய் என்று அடியுங்கள், அல்லது கன்ட்ரோல்-சியையே இரண்டாம் முறை அழுத்துங்கள். மறுபடி அதே கட்டளையை ஓட்டுங்கள். "வெளியே" மறைந்திருக்கும், "உள்ளே" இருக்கும். கன்டெய்னரில் எது தங்கும், எது போகும் என்பதை எத்தனை முறை படித்தாலும் இப்படிக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது.

சோதனை முடிந்ததும் கட்டளையில் இமேஜ் பெயருக்கு முன்னால் "-டபிள்யூ /ஹோம்/ஜோவியன்/ஒர்க்" என்பதைச் சேர்த்துவிடுங்கள். ஜூபிட்டர்லேப் நேராக ஒர்க் ஃபோல்டரிலேயே திறக்கும். நான் இப்போது இது இல்லாமல் ஓட்டுவதே இல்லை.

போர்ட்டும் பாதுகாப்பும்

8888 ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று பிழை வந்தால் இரண்டு 8888-இல் இடப்பக்கம் இருப்பதை மட்டும் மாற்றுங்கள்: 127.0.0.1:9999:8888. டெர்மினலில் வரும் முகவரியில் அப்போதும் 8888 என்றுதான் இருக்கும், ஏனென்றால் உள்ளிருக்கும் ஜூபிட்டருக்கு நீங்கள் வெளியே மாற்றியது தெரியாது. பிரவுசரில் ஒட்டியபின் அதை 9999 என்று கையால் திருத்துங்கள்.

இப்போது 127.0.0.1 விஷயம். ஒரு கணினி தன்னைத் தானே அழைக்கும் முகவரி இது, லோக்கல்ஹோஸ்ட் என்றும் சொல்வார்கள். பல வழிகாட்டிகளில் வெறும் 8888:8888 என்றே இருக்கும். அப்படி எழுதினால் டாக்கர் அந்தப் போர்ட்டை உங்கள் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறந்துவிடும். ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்தும் அந்த வாசலைத் தட்ட முடியும். லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேனே என்று நம்பியிருக்கவும் முடியாது. டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது, யூஎஃப்டபிள்யூவின் தடை இந்தப் போர்ட்டுகளுக்குப் பொருந்தாமல் போய்விடும். நோட்புக்குக்குள் நுழைந்துவிட்டவர் எந்த நிரலையும் ஓட்டலாம், நீங்கள் இணைத்திருக்கும் ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் படிக்கலாம், அழிக்கலாம். முன்னால் 127.0.0.1 போட்டால் உங்கள் கணினிக்கு வெளியே அந்த வாசலே கிடையாது.

டோக்கன் தொல்லையாக இருக்கிறது என்று அதைக் காலியாக வைக்கச் சொல்லும் ஆலோசனைகளும் கண்ணில் படும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு முறை நகலெடுத்து ஒட்டுவது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

வெறும் பைத்தான் இமேஜில் நீங்களே ஜூபிட்டரை நிறுவி ஓட்டினால் இன்னொன்று கவனிக்க வேண்டும். ஜூபிட்டர் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டுமே கேட்கும், அந்த லோக்கல்ஹோஸ்ட் கன்டெய்னருடையது, உங்களுடையது அல்ல. அதனால் போர்ட்டைத் திறந்தும் பக்கம் வராது. ஜூபிட்டரை "--ஐபி=0.0.0.0" என்று சேர்த்துக் கிளப்ப வேண்டும். மேலே சொன்ன ஆயத்த இமேஜ்களில் இதை ஏற்கனவே செய்துவைத்திருக்கிறார்கள். இதே காரணத்தால்தான் உங்கள் கணினியில் ஓடும் டேட்டாபேஸை நோட்புக்கிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று அழைத்தால் கிடைக்காது. டாக்கர் டெஸ்க்டாப்பில் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்ற பெயரில் அழையுங்கள்.

சேமிக்க முடியவில்லை என்றால்

பெரும்பாலும் லினக்ஸில் வருகிற பிரச்சினை இது. நோட்புக் திறக்கும், ஓடும், சேமிக்கும்போது மட்டும் அனுமதி இல்லை என்று வரும். ஜோவியனின் பயனர் எண் 1000. உங்கள் கணினியில் நீங்கள் ஒருவர்தான் என்றால் உங்கள் எண்ணும் பெரும்பாலும் 1000 ஆகவே இருக்கும். எதுவும் தெரியாமல் வேலை நடக்கும். அலுவலக சர்வர், கல்லூரி சர்வர் போன்ற இடங்களில் உங்கள் எண் வேறாக இருக்கும். கோப்பின் உரிமையாளர் யார் என்று லினக்ஸ் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது.

"ஐடி -யு" என்று அடித்தால் உங்கள் எண் தெரியும். அது 1234 என்று வைத்துக்கொள்வோம். கட்டளையில் இமேஜ் பெயருக்கு முன்னால் "--யூசர் ரூட் -இ என்பி_யூஐடி=1234" என்று சேருங்கள்; என்பி_யூஐடி மட்டும் பெரிய எழுத்தில். ரூட் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். தொடக்க ஸ்கிரிப்ட் ஜோவியனின் எண்ணை 1234 ஆக மாற்றுவதற்கு மட்டும் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும். பிறகு ஜூபிட்டரை ஜோவியனாகவே ஓட்டும். ஃபோல்டருக்கு 777 அனுமதி, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொது சர்வரில் உங்கள் வேலையை எல்லோர் கையிலும் கொடுத்ததாகிவிடும்.

நூலகங்களைச் சேர்த்தல்

நோட்புக் செல்லில் விழுக்காட்டுக் குறி போட்டு "பிப் இன்ஸ்டால்" அடித்தால் நூலகம் வந்துவிடும். ஒன்றை முயன்று பார்க்க இது போதும். ஆனால் அது கன்டெய்னருக்குள் உட்கார்ந்திருக்கிறது, நிறுத்தியதும் போய்விடும். தினமும் தேவைப்படுவதை இமேஜிலேயே சேர்த்துவிட வேண்டும்.

அதற்கு வேலை ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி: வரிக்கு ஒரு நூலகம், பக்கத்தில் இரட்டைச் சமக்குறி போட்டு அதன் பதிப்பு எண். பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து இமேஜைக் கட்டும்போது வேறு பதிப்பு வந்து உட்காரும், எதற்காக இந்தச் சுற்றுவழியில் வந்தோமோ அதுவே வீணாகும். இன்னொன்று டாக்கர்ஃபைல்: முதலெழுத்து மட்டும் பெரியது, புள்ளி வைத்த பின்னொட்டு எதுவும் கிடையாது. அதில் மூன்றே வரிகள். தொடங்கும் சொற்களை வழக்கமாகப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள்:

ஃப்ரம் குவே.ஐஓ/ஜூபிட்டர்/சைப்பை-நோட்புக்:(தேதி டேக்)
காப்பி ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி /டிஎம்பி/
ரன் பிப் இன்ஸ்டால் --நோ-கேஷ்-டிர் -ஆர் /டிஎம்பி/ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

முதல் வரியில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவது டேக். எதுவும் எழுதாவிட்டால் டாக்கர் அதை "லேட்டஸ்ட்" என்று எடுத்துக்கொள்ளும். லேட்டஸ்ட் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜூபிட்டர் இமேஜ்களுக்கு வருடம்-மாதம்-நாள் வடிவில் தேதி டேக்குகள் இருக்கின்றன. குவே.ஐஓ பக்கத்தில் டேக் பட்டியலைத் திறந்து, ஒரு தேதியை எடுத்து எழுதிவிடுங்கள்.

பிறகு "டாக்கர் பில்ட் -டி என்-நோட்புக் ." என்று அடியுங்கள். கடைசியில் இருக்கும் புள்ளியும் கட்டளையின் பகுதிதான். "இந்த ஃபோல்டரிலிருந்து கட்டு" என்பது அதன் பொருள். முடிந்ததும் முந்தைய ஓட்டும் கட்டளையில் இமேஜ் பெயருக்குப் பதில் என்-நோட்புக் என்று போட்டால் போதும். ஃபோல்டரில் பெரிய தரவுக் கோப்புகள் இருந்தால், பில்ட் அவற்றைத் தொடாமல் விட அவற்றின் பெயர்களை .டாக்கர்இக்னோர் என்ற கோப்பில் எழுதிவையுங்கள்.

கர்னல் செத்துப்போனால்

பெரிய சிஎஸ்வி கோப்பை பாண்டாஸில் திறக்கும்போது கர்னல் (நோட்புக்கின் நிரலை உண்மையில் ஓட்டும் பகுதி) செத்துவிட்டது, மறுபடி தொடங்குகிறது என்று மட்டும் ஒரு செய்தி வரும். பிழை விவரம் எதுவும் இருக்காது. நிரலில் தவறு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அநேகமாக நினைவகம் தீர்ந்திருக்கும். மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது, அதற்கு உங்கள் ரேமில் ஒரு பங்குதான் ஒதுக்கப்பட்டிருக்கும். மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் அமைப்புகளில் ரிசோர்சஸ் பகுதியில் அதைக் கூட்டலாம். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்தினால், உங்கள் பயனர் ஃபோல்டரில் இருக்கும் .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் மாற்ற வேண்டும். அதற்கு முன், பாண்டாஸில் தேவையான பத்திகளை மட்டும் படிக்கச் சொல்லிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

பைடார்ச்சில் தரவை ஏற்றித் தரும் டேட்டாலோடருக்குப் பல ஒர்க்கர் (ஒரே நேரத்தில் ஓடும் துணை நிரல்கள்) வைத்து ஓட்டினால் பஸ் எரர் என்று வரலாம். கன்டெய்னருக்குப் பகிர் நினைவகம் இயல்பாக 64 எம்பிதான். "--எஸ்எச்எம்-சைஸ்=2ஜி" என்று சேர்த்தால் சரியாகிவிடும்.

இடத்தை விடுவிக்கவும், பகிரவும்

சில வாரம் கழித்து டிஸ்க் நிறைந்துவிட்டது என்று தோன்றினால் "டாக்கர் சிஸ்டம் டிஎஃப்" என்று அடித்து எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். மறுபடி மறுபடி பில்ட் செய்ததால் பெயரிழந்து கிடக்கும் பழைய இமேஜ்களை "டாக்கர் இமேஜ் ப்ரூன்" அகற்றும். உங்கள் நோட்புக்குகள் உங்கள் ஃபோல்டரில் இருப்பதால் இதில் அவற்றுக்கு எதுவும் ஆகாது.

வேலையை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அந்த ஃபோல்டரை அப்படியே கொடுங்கள்: நோட்புக், தரவு, ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு, டாக்கர்ஃபைல். ஓட்டும் கட்டளையையும் ஒரு ரீட்மீ கோப்பில் எழுதிவையுங்கள். கொடுப்பதற்கு முன் நீங்களே கன்டெய்னரை நிறுத்தி, புதிதாகக் கிளப்பி, ஜூபிட்டர்லேபின் கர்னல் மெனுவில் கர்னலை மறுதொடக்கம் செய்து எல்லாச் செல்களையும் ஓட்டும் தேர்வைச் சொடுக்குங்கள். செல்களை முன்பின்னாக ஓட்டியதால் மட்டும் கிடைத்த விடை, அழித்துவிட்ட செல்லில் இருந்த மாறி, செல்லில் பிப் போட்டுவிட்டு ரிக்வயர்மென்ட்ஸில் எழுத மறந்த நூலகம் எல்லாம் அப்போது ஒவ்வொன்றாக வெளியே வரும். விட்டுப்போன நூலகத்தை எழுதிச் சேர்த்து இன்னொரு முறை பில்ட் செய்துவிட்டு அனுப்புங்கள்.